காணவில்லை என்று அச்சடித்தோம்

பிப்ரவரி 3, திங்கள்

நான் செய்த அட்டைப்படம் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. தம்பி பெலிக்ஸின் ஆல்பத்தை வெளியிடும் மணிவண்ணன் சென்னையிலிருந்து போன் செய்தார். "முகம் தெரியுது சில்வியா. முகம் தெரிஞ்சாலே சினிமாப் பாட்டு மாதிரி ஆயிடுது."

அவர் சொல்வது தப்பில்லை. சினிமாப் பாட்டுக்கு முகம் வேண்டும், கொழுத்த எழுத்து வேண்டும், நான்கு பேர் பெயர் வேண்டும். தனியாகப் பாட்டு எழுதிப் பாடுகிறவர்களுக்கு எல்லாம் தலைகீழ். முதுகு காட்டி நிற்க வேண்டும், அல்லது பாதி நிழலில். படத்தில் பெரும்பகுதி காலியாகக் கிடக்க வேண்டும். எழுத்து ஒரு மூலையில், எறும்பு ஊர்கிற மாதிரி. தலைப்பு ஒரே சொல். பழைய ஃபோட்டோவில் இருக்கிற மாதிரி கொஞ்சம் புள்ளி. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் மீறினால் யாரும் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சாயங்காலம் பெலிக்ஸை உப்பளத்துக்குக் கூட்டிப்போய், பாத்திக்கு நடுவே வரப்பில் திருப்பி நிற்கவைத்து எடுத்தேன். வெள்ளையாகப் பரந்து கிடக்கிற உப்பு, நடுவில் சின்னதாக ஒரு முதுகு. மூலையில் ஆல்பத்தின் பெயர், 'கரிப்பு'. அனுப்பின உடனே மணிவண்ணனிடமிருந்து கட்டைவிரல் படம் வந்தது.

"யாரு முதுகுன்னு எப்படிக்கா தெரியும்?" என்று பெலிக்ஸ் கேட்டான். "தெரியக்கூடாது, அதான் அழகு" என்றேன்.

பிப்ரவரி 8, சனி

விளம்பரத்துக்கு மணிவண்ணன் ஒரு யோசனை சொன்னார். விளம்பரம் விளம்பரம் மாதிரி இருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இவ்வளவு தூரம் யாரும் போனதில்லை. ஊர் ஊராகச் சுவரில் 'காணவில்லை' நோட்டீஸ். பெலிக்ஸின் பாஸ்போர்ட் படம், வயசு, உயரம், கடைசியாகப் பார்த்த இடம். கீழே ஒரு நம்பர். கூப்பிட்டால் யாரும் பேச மாட்டார்கள், ஆல்பத்தின் முதல் பாட்டு ஓடும்.

கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. நல்ல யோசனை வந்தால் வருகிற சிலிர்ப்பு.

பகலெல்லாம் உட்கார்ந்து செய்து முடித்தேன். படத்தை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, முகம் கரிப்பிடிக்கிற வரைக்கும். டி.டி.பி. கடை எழுத்து. ஒரு வரி வேண்டுமென்றே கோணலாக. 'நீலக் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார்' என்று நானாகச் சேர்த்தேன். அவனிடம் அப்படி ஒரு சட்டையே கிடையாது.

பிப்ரவரி 14, வெள்ளி

ஈ.சி.ஆர். நெடுக ஒட்டிவிட்டார்கள். புதுச்சேரி, கீழ்புத்துப்பட்டு, நம்ம மரக்காணம் பஸ் ஸ்டாண்டு. அம்மா சத்துணவுக் கூடத்தில் வேலை முடிந்து வருகிற வழியில் பார்த்திருக்கிறாள். வந்ததும் பையைக் கீழே போட்டாள்.

"உசுரோட வூட்ல இருக்கிற புள்ளையக் காணோம்னு போடுவாங்களாடி? யாரு செஞ்சது இது?"

பாட்டு விளம்பரம் என்று விளக்கினேன். அம்மா காது கொடுக்கவில்லை. பெலிக்ஸ் அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தான். கைகளை விரித்து, "இதோ கெடைச்சிட்டேன்" என்றான். அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

நம்பருக்கு அழைப்பு கொட்டுகிறதாம். மணிவண்ணன் ஒரே உற்சாகம். ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: மார்ச் 14 ரிலீஸ் வரை பெலிக்ஸ் யார் கண்ணிலும் படக்கூடாது. இன்ஸ்டாகிராம் கூடாது. வெளியே போகக் கூடாது. "காணாமப் போனவர் டீக்கடையில நின்னா எல்லாம் போச்சு."

பெலிக்ஸ் சரி என்றான். எதற்கும் சரி என்கிறவன்தானே.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூசைக்கு அவன் வரவில்லை. பாடகர் குழுவில் அவன் நிற்கிற இடம் காலியாக இருந்தது. கோயில் வாசலில் அவனைப் பற்றி யாரும் கவலையாகக் கேட்கவில்லை. கண்ணடித்து, "இன்னும் கெடைக்கலியா?" என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

மத்தியானம் சோறு எடுத்துப்போனபோது பெலிக்ஸ் ஜன்னலைச் சாத்திவைத்து உட்கார்ந்திருந்தான். வெயில் காலத்தில் அந்த அறை அடுப்பு.

"அக்கா, அந்த நம்பருக்கு எத்தன பேரு கூப்ட்டாங்க?"

"ஆயிரக்கணக்குல. பாட்டு பிச்சுக்கிட்டுப் போவுது."

"அதுல யாராச்சும் என்னைத் தேடிக் கூப்ட்டாங்களா?"

என்ன கேட்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. "எல்லாரும் உன்னத்தான் தேடறாங்க" என்றேன்.

"இல்லக்கா. ஒருத்தன் நெசமாவே என்னைப் பார்த்துட்டான்னு வெச்சுக்க. கூப்புடுறான். பாட்டு ஓடுது. அவன் யாருகிட்ட சொல்லுவான்?"

தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பழைய மோகத்துக்காக ஆல்பத்தைக் கேசட்டாகவும் போடுகிறார்கள், அதன் உறை வேலை பாக்கி இருந்தது.

மார்ச் 5, சாம்பல் புதன்

அம்மா நெற்றியில் சாம்பலோடு வந்து அவன் அறைக் கதவைத் தட்டினாள். அவன் திறக்கவில்லை. தூங்குகிறான் என்றேன். தூங்குவதே இல்லை என்று எனக்கே தெரியும். தட்டில் வைத்தது அப்படியே திரும்பி வருகிறது. தாடி வளர்ந்து, கண் உள்ளே போய் — நான் செய்த ஜெராக்ஸ் படத்தைப் போலவே ஆகிக்கொண்டு வருகிறான்.



மார்ச் 9, ஞாயிறு

மணிவண்ணனிடம் சொன்னேன். தம்பிக்கு உடம்பு சரியில்லை, வெளியே விட்டால் தேறுவான் என்றேன்.

"இன்னும் அஞ்சு நாளு சில்வியா. ரிலீஸ் அன்னிக்கு மேடையில நேரா வந்து நிக்கறாரு. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே எல்லாம்."

கிடார் வாசிக்கிற சித்தார்த்தனிடமும் பேசினேன். வானூர்ப் பையன், பள்ளிக்கூடத்திலிருந்தே பெலிக்ஸின் கூட்டாளி. "நான் நாளைக்கு வர்றேன்க்கா, அவன எங்கனா கூட்டிட்டுப் போறேன்" என்றான். நாளைக்கு இரும்பை என்கிற ஊரின் ஏரிப் பக்கம் போகலாமென்று பெலிக்ஸுக்கு அப்போதே செய்தி அனுப்பினான். பதில் வரவில்லை என்று ராத்திரி போன் செய்தான்.

மார்ச் 11, செவ்வாய்

பெலிக்ஸ் இல்லை.

விடிந்ததும் அம்மா காபி எடுத்துப் போனாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. போன் மேஜை மேல். பர்ஸ் மேஜை மேல். செருப்பு மட்டும் இல்லை.

பின்பக்கம், கடற்கரை, உப்பளம், முகத்துவாரம், கோயில். சித்தார்த்தன் வண்டியில் வந்து பாலம் வரைக்கும் போய்ப் பார்த்தான். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களிடம் கேட்டேன். ஒருத்தி சிரித்தாள். "அதான் ஊரெல்லாம் ஒட்டிக்கீறீங்களே."

எங்கடா போன? எங்க போன நீ?

மார்ச் 12, புதன்

ஸ்டேஷனுக்கு அம்மாவும் நானும் போனோம். ஏட்டு வயசானவர், மரியாதையாகத்தான் பேசினார். "ஏம்மா, இது பாட்டு விளம்பரம், யாரும் பயப்படாதீங்கன்னு உங்க ஆளே வந்து எழுதிக் குடுத்துட்டுப் போனாரே. இப்ப நெசமாவே காணோம்னா?"

மணிவண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவர் அவளைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

பெயர், வயசு, உயரம். எல்லாம் மனப்பாடம், நான் டைப் அடித்ததுதானே. அடுத்து கேட்டார்: "என்ன சட்டை போட்டிருந்தான்?"

தெரியவில்லை. கடைசியாக அவன் என்ன சட்டை போட்டிருந்தான் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. மூன்று வாரமாக அந்த இருட்டு அறையில் அவனைச் சரியாகப் பார்க்கவே இல்லை நாங்கள்.

"எழுதிக்கிறேம்மா. மத்த ஸ்டேஷனுக்கும் அனுப்புறேன். ஆனா பாக்கறவன் நம்பணுமே. அதுக்கு என்ன பண்ணுவீங்கன்னு யோசிச்சுக்குங்க."

மார்ச் 14, வெள்ளி

ஆல்பம் வெளிவந்துவிட்டது.

நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். மணிவண்ணன் முதலில் நம்பவே இல்லை. "மேடைக்கு வர பயந்துகிட்டு எங்கயாவது பிரெண்டு ரூம்ல இருப்பாரு" என்றார். பிறகு, இணையத்தில் எல்லாத் தளத்துக்கும் அனுப்பியாகிவிட்டது, தன் கையில் இல்லை என்றார். மேடையில் பாடகர் வரவில்லை என்று அறிவித்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதாம். அதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு.

அம்மா, "போடு, கேக்கறேன்" என்றாள். போட்டேன். பிள்ளையின் குரல் வீடு முழுக்க. அவள் எழுந்து அவன் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். பாட்டு முடிந்து அடுத்தது தானாக ஓடியது. நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

மார்ச் 15, சனி

என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எழுதினேன்: 'இது விளம்பரம் இல்லை. என் தம்பி நிஜமாகவே காணாமல் போய்விட்டான். பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.'

இதயம் இதயமாகக் குவிகிறது. நெருப்புப் படம். 'மார்க்கெட்டிங் வேற லெவல்.' 'கடைசி வரைக்கும் கேரக்டர விட்டு வெளிய வரல பாரு.' அழுதுகொண்டே ஒரு வீடியோ பேசிப் போட்டேன். 'அக்கா நடிப்பு சூப்பர்.'

இன்னும் எப்படிச் சொல்வது? எந்தச் சொல்லால் சொல்வது? இருந்த ஒரே சொல்லை நானே எடுத்துச் செலவழித்துவிட்டேனே.

மார்ச் 18, செவ்வாய்

ஒன்றுமில்லை.

மார்ச் 20, வியாழன்

சித்தார்த்தன் சென்னைக்குப் போய் மணிவண்ணன் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்த நம்பரில் பாட்டை எடுத்துவிட்டு என் போனுக்குத் திருப்பும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்று. மத்தியானத்துக்குள் திருப்பிவிட்டார்கள்.

அதிலிருந்து போன் ஓயவில்லை. எடுத்து "சொல்லுங்க" என்றால் எதிர்ப்பக்கம் திகைக்கிறார்கள்.

"பாட்டு வரலையே?"

"பாட்டு இல்லைங்க. நான் அவன் அக்கா. அவனப் பார்த்தீங்களா?"

சிரிக்கிறார்கள். வைத்துவிடுகிறார்கள். ஒரு பெண் பிள்ளை மட்டும் வைத்துவிடாமல், "அக்கா, நெசமாவா?" என்றாள். ஆமாம் என்றேன். அவளும் அழுதாள். யாரென்றே தெரியாத பிள்ளை.

மார்ச் 22, சனி

வடக்கே ஒரு கரையில் உடம்பு ஒதுங்கியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று ஏட்டு கூப்பிட்டார். அம்மாவை வர வேண்டாம் என்றேன். வந்தாள். வண்டியில் போகும்போது என் கையைப் பிடித்திருந்த பிடி — இன்னும் மணிக்கட்டில் சிவப்பாக இருக்கிறது.

துணியை விலக்கினார்கள். வேறு யாரோ. நரைத்த மார்பு. கடலுக்குப் போனவராக இருக்கும்.

"நம்ம புள்ள இல்ல" என்றாள் அம்மா. பிறகு அந்த மனிதர் பக்கத்தில் மணலில் முழங்கால் போட்டு ஜெபம் சொன்னாள். அவன் இல்லை, அவன் இல்லை என்று அது மட்டுமே எனக்குள்ளே ஓடியது. செத்துக் கிடக்கிறவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். என்ன ஜென்மம் நான்.

மார்ச் 26, புதன்

புதிதாக நோட்டீஸ் அடிக்க உட்கார்ந்தேன். எப்படி அடித்தாலும் பழையது மாதிரியே வருகிறது. கறுப்பு வெள்ளையில் போட்டால் ஆல்பம். காலியாக விட்டால் ஆல்பம். சின்ன எழுத்து, ஆல்பம். என் கை அதற்கே பழகிவிட்டது.

படம் தேடினேன். நாலு வருஷமாக நான்தான் அவனை எடுக்கிறேன், கம்ப்யூட்டர் நிறைய அவன்தான். முதுகு. நிழல். கண்ணாடிக்கு அப்பால் மங்கலாக. உப்புக் குவியலுக்குப் பின்னால் தலை மட்டும். மணிவண்ணன் திருப்பி அனுப்பின அட்டையில்கூடப் பாதி முகம்தான், பாஸ்போர்ட் படமோ பழைய நோட்டீஸில் போனது, அதைப் போட்டாலும் ஆல்பம். என் தம்பியின் முகம் நேராக, தெளிவாக, நான் எடுத்தது ஒன்றுகூட இல்லை.

பாடகர் குழுவில் இருக்கும் பூவிழி அனுப்பினாள், கிறிஸ்துமஸ் அன்று அவள் செல்போனில் எடுத்தது. ரோஜாக் கலர் சட்டை. வாய் நிறைய கேக். கன்னம் உப்பி, கண் சுருங்கி, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். நான் எடுத்திருந்தால் அழித்திருப்பேன்.

மார்ச் 27, வியாழன்

பஸ் ஸ்டாண்டில் ஐயப்பன் கடையில் உட்கார்ந்து அடித்தோம். கட்சி போஸ்டர், காது குத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிக்கிற கடை. என்ன தலைப்பு என்று கேட்டார். 'காணவில்லை' என்று போட்டால் யாரும் நிற்க மாட்டார்கள். நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

"எம் பேரப் போடு" என்றாள் அம்மா. "அற்புதமேரி மகன்னு போடு. அவனுக்கு மனசு சரியில்ல, பார்த்தா ஒரு வாய் சோறு குடுத்து எனக்கு போன் பண்ணுங்கன்னு போடு."

அப்படியே போட்டோம். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, பக்கம் முழுக்க முகம். கீழே அம்மாவின் நம்பர். ஒரு விரல்கடை காலி இடம் இல்லை.

"மனசு சரியில்லன்னா மாதாகிட்டதான் போவான்" என்றாள் அம்மா. சித்தார்த்தன் ஒரு கட்டு நோட்டீஸ் எடுத்துக்கொண்டு கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று பஸ் ஏறினான். பங்குச் சாமியார் தெரிந்த பங்குகளுக்கெல்லாம் அனுப்பினார். நானும் பூவிழியும் வடக்கே சென்னை வரை.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆல்பத்தைப் பற்றிப் பத்திரிகையில் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அட்டைப்படத்தை ஒரு முழுப் பத்திக்கு. 'இல்லாமையைக் காட்சியாக்கிய வடிவமைப்பு.' என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

அந்தத் தாளில் மீன் சுத்தம் செய்தேன்.

ஏப்ரல் 9, புதன்

இன்று தப்பான அழைப்புகூட வரவில்லை. அம்மா போனைக் கையில் வைத்தபடியே சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கிளறுகிறாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். நான் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. செத்துப்போயிட்டான்னு ஒரு நெனப்பு வருது. வந்தா எழுந்து ரெண்டு குடம் தண்ணி எடுத்துட்டு வர்றேன். மறுபடி வருது.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பவனி முடிந்து, குருத்தோலையைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றோம். அம்மாவின் போன் அடித்தது. அவள் பொத்தானை அமுக்கி என்னிடம் நீட்டினாள்.

"அற்புதமேரிங்களா? எம் பேரு அஞ்சம்மாள். வேதாரண்யத்துப் பக்கம் இட்லிக் கடை வச்சிருக்கேன். வேளாங்கண்ணி போயிருந்தப்ப பஸ் ஸ்டாண்டுல ஒங்க நோட்டீசப் பார்த்தேன். இந்தப் பய இங்கதான் உப்பளத்துல மூட்டை தச்சிக்கிட்டு இருக்கான். பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கிறான். தாடியா இருக்கு, எளச்சுப் போயிருக்கான். ஆனா நேத்து ஒரு நாய்க்குட்டியப் பார்த்துச் சிரிச்சான். அப்பத்தான் இந்தப் படத்துல இருக்கிறது இவன்தான்னு புடிபட்டுச்சு."

"உசுரோட இருக்கானா?" இதைத்தான் கேட்டேன். முட்டாள் மாதிரி.

"இட்லி தின்னுக்கிட்டு இருக்காம்மா. சட்டுனு கெளம்பி வாங்க. நான் ஒண்ணும் சொல்லல, சொன்னா ஓடிப்போயிருவான்."

ஏப்ரல் 14, திங்கள்

கடைக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். கறுத்து, உதடு வெடித்து, உள்ளங்கை எல்லாம் உப்புப் புண். சட்டை யாரோ கொடுத்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, ஓடவும் இல்லை.

அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அவன்தான் முதலில் பேசினான். "சட்டைப் பையில இருந்த காசோட பஸ்ல ஏறி ஒக்காந்தேன்க்கா. எதிர்ல கண்டக்டர் சீட்டுக்குப் பின்னால என் படம் ஒட்டியிருந்துச்சு. கண்டக்டர் என்னப் பார்த்தாரு, அதைப் பார்த்தாரு, டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாரு. அப்புறம் எங்க எறங்கறதுன்னே தெரியல."

"மன்னிச்சிக்கடா" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. சொல்லாததே சரி.

அஞ்சம்மாள் எல்லோருக்கும் இட்லி வைத்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

மணிவண்ணன் வீட்டுக்கே வந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள், அதற்கு மேல் முகம் கொடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டார். நிஜமாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன், கண் கலங்கியிருந்தது. ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்று, தயங்கித் தயங்கி, "கேசட் வரப்போகுது. உள்ள ஒரு சின்ன சீட்டு, 'கிடைத்துவிட்டார்'னு... அவருக்குச் சம்மதம்னா மட்டும்" என்றார்.

"அவன்கிட்ட கேக்கவே மாட்டேன்" என்றேன். "என் பேரையும் கேசட்ல இருந்து எடுத்துடுங்க."

தலையாட்டிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 25, வெள்ளி

பெலிக்ஸ் தூங்குகிறான். சாப்பிடுகிறான், பாதி. பேசுவது குறைவு. கிடாரைச் சித்தார்த்தன் கொண்டுவந்து வைத்தான், உறையோடு அப்படியே இருக்கிறது. உட்கார்ந்தபடியே சில நேரம் எங்கோ போய்விடுகிறான். அந்த நேரம் அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டு வருகிறோம். திரும்பவும் போய்விடுவானோ என்கிற பயம் எனக்குப் போகவில்லை. போகுமா என்றும் தெரியவில்லை.

டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "நீயும் வருவியா?" என்றான்.

மே 6, செவ்வாய்

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி. மனநலப் பிரிவு வாசலில் பெஞ்சு முழுக்க ஆட்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகு இங்கே வருவது இது இரண்டாவது முறை. காத்திருந்தோம். எதிரே ஒரு குழந்தை பிஸ்கட்டை இவன் முழங்காலில் தேய்த்துக்கொண்டே இருந்தது. அவன் தட்டிவிடவில்லை.

நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள். "பெலிக்ஸ்... பெலிக்ஸ் யாரு?"

அவன் அசையவில்லை. அவனுக்குப் பதிலாகச் சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

"மரக்காணம் பெலிக்ஸ் வந்திருக்காரா இல்லியா?"

அவன் எழுந்து நின்றான். "நான்தாங்க" என்றான்.

பெஞ்சில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "சீக்கிரம் வாங்க" என்றாள் நர்ஸ். உள்ளே போனான். இன்று என்னைத் தன்னோடு வரச் சொல்லவில்லை.